எதிராளியின் இலக்கணம்



மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பசுமலையையும் திருநகரையும் கடந்து, திருமங்கலத்தை அடைவதற்கு முன்பாகக் கப்பலூர் என்னும் ஊர் வருகிறது. இன்று அவ்வூரைச் சுங்கச்சாவடியாலும் தொழிற்பேட்டையாலுமே பலர் அறிவர். எனக்கோ அது என் இளமை கழிந்த ஊர். எங்கள் வீட்டில் என் தந்தையைப் பெற்ற அப்பத்தா இருந்தார். எதிர்வீட்டில் என் தாயைப் பெற்ற அம்மாச்சி இருந்தார். அப்பத்தா சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர், அம்மாச்சி கத்தோலிக்கர். பகலெல்லாம் இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து புளியங்கொட்டை நீக்குவார்கள், பயறு புடைப்பார்கள், ஒருவர் வெற்றிலையை மற்றவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். மாலை ஆறு மணியானால் அவரவர் வீட்டுக்குள் சென்று அவரவர் செபத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

சிறுவனாகிய எனக்கு ஓர் ஐயம் இருந்தது. ஆற்றங்கரையில் நின்று மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? அப்பத்தா சொல்லும் கதையில் அவர் பெயர் யோவான். அம்மாச்சி சொல்லும் கதையில் அவர் பெயர் அருளப்பர். அப்பத்தாவுக்குப் பேதுருவும் பவுலும். அம்மாச்சிக்கு இராயப்பரும் சின்னப்பரும். ஒருவருக்கு யோசேப்பு; மற்றவருக்குச் சூசையப்பர். ஒருவர் இயேசு என்றார். மற்றவர் சேசு என்றார். இவர்களெல்லாம் வெவ்வேறு ஆட்கள் என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் துணிந்து கேட்டேன். "அவர்கள்தாம் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்றார் அப்பத்தா. எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாச்சியைக் கேட்டேன். அவரும் அதே விடையை, அதே சொற்களில் சொன்னார்.

எழுத்தறிவு மிகுதியாக இல்லாத இரு மூதாட்டியரின் வாயில் அந்த ஒரே விடை எப்படி வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்துகொண்டேன். அது சற்றேறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஏட்டிலும் அச்சிலும் நடந்த ஒரு சமயப்போரின் எதிரொலி. அந்தப் போரைப் பற்றியும், அதன் நடுவே நிகழ்ந்த, பலரும் எண்ணிப் பாராத ஒரு செயலைப் பற்றியுமே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அந்தப் போர் தமிழ்நாட்டில் பிறந்ததன்று. 1517ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய கேள்விகள் ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகை இரண்டாகப் பிளந்தன. அப்பிளவுக்கு அச்சுப்பொறி பெருந்துணையாயிற்று. அதற்குமுன் மடங்களுக்குள்ளும் பல்கலைக்கழகங்களுக்குள்ளும் இலத்தீனில் நடந்த வாதங்கள், இப்போது நாட்டுமொழியில், சிறு சிறு பிரசுரங்களாக, சந்தைக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் வாதம் விளங்க வேண்டுமென்று படங்களும் அச்சாயின. 1521ஆம் ஆண்டில் ஓவியர் லூக்காஸ் கிரானாக் பட்டறையிலிருந்து வெளிவந்த ஒரு சிறு நூல் இதற்குத் தக்க சான்று. அதில் ஒரு பக்கத்தில் கிறிஸ்து சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். எதிர்ப்பக்கத்தில் போப்பாண்டவர் அரசர்கள் தம் பாதத்தை முத்தமிடக் காலை நீட்டுகிறார். உரை எதுவும் இல்லாமலே குற்றச்சாட்டு விளங்கிவிடுகிறது அல்லவா? போப்பாண்டவரே அந்திக்கிறிஸ்து என்பது அக்காலச் சீர்திருத்த எழுத்தாளர் பலருடைய துணிபு. கத்தோலிக்கத் தரப்பிலும் வாதவல்லுநர்கள் தோன்றினர். அவர்களுள் தலைசிறந்தவர் கர்தினால் இராபர்ட் பெல்லார்மின். அவருடைய பெரிய மறுப்பு நூலுக்குப் பதில் எழுதுவதையே சீர்திருத்தத் தரப்பினர் பலர் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டனர்.

அந்தப் பெல்லார்மினுக்கு உறவினர் ஒருவர் 1606ஆம் ஆண்டில் நம் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவரே இராபர்ட் தெ நொபிலி. காவி உடுத்து, புலால் நீக்கி, சந்நியாசி வாழ்க்கை மேற்கொண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தமிழ் உரைநடையில் சமய நூல்கள் எழுதியவர் அவர். அவருடைய கோலத்தைக் கண்டு முதலில் வெகுண்டவர்கள் அவருடைய சொந்தச் சபையினரே. இது கிறிஸ்தவ நெறியா, இல்லையா என்ற வழக்கு கோவாவிலும் உரோமாபுரியிலும் நடந்து, 1623ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் ஒருவாறு நொபிலிக்குச் சார்பாக முடிந்தது. ஆனால் ஐரோப்பாவில் இருந்த சீர்திருத்தத் தரப்பு எழுத்தாளர்களுக்கு மதுரைச் செய்தி கிடைத்தற்கரிய படைக்கலமாயிற்று. உரோமாபுரியார் ஊருக்கு ஊர் வேடம் மாற்றுகின்றனர், பொய் பேசியும் ஆள் சேர்க்கின்றனர் என்று அவர்கள் எழுதினர். நொபிலி தம்மைப் பிராமணர் என நிறுவப் பழஞ்சுவடி ஒன்றைப் பொய்யாகப் புனைந்தார் என்ற கதை, மோஷைம் என்ற லுத்தரன் வரலாற்றாசிரியரின் புகழ்பெற்ற திருச்சபை வரலாற்றிலேயே இடம்பெற்றது. பெர்லின் நகர அரச நூலகத்தில் பணியாற்றிய லா க்ரோஸ் என்பார் 1724ஆம் ஆண்டில் இந்தியக் கிறிஸ்தவத்தின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அவர் முன்னர்க் கத்தோலிக்கத் துறவியாக இருந்து பின்னர்ச் சீர்திருத்த சமயம் தழுவியவர். கேரளத்துப் பழங்கிறிஸ்தவர்களைப் போர்த்துகீசியர் அடக்கிய வரலாற்றைச் சொல்லி, உரோமைச் சபையைக் கடிந்தார். மதுரையைக் கண்ணாலும் காணாதவர்கள் மதுரையை வைத்துப் போரிட்ட விந்தை இது.

ஆனால் லா க்ரோஸுக்குத் தமிழ்நாட்டுச் செய்திகள் எங்கிருந்து கிடைத்தன? அவற்றுட் பல தரங்கம்பாடியிலிருந்து சென்றவை. இனி நாம் அங்கே செல்வோம்.

காவிரி கடலோடு கலக்கும் நாட்டில், டேனிஷ்காரர் 1620ஆம் ஆண்டில் கோட்டை கட்டிய ஊர் தரங்கம்பாடி. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய இரு ஜெர்மானிய இளைஞர்கள், சீகன்பால்குவும் புளுச்சௌவும், 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கே கரையிறங்கினர். இந்தியாவுக்கு வந்த முதல் லுத்தரன் வேதபோதகர்கள் இவர்களே. சீகன்பால்கு தமிழ்ச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து எழுத்துக் கற்றார் என்பதைப் பலரும் அறிவீர்கள். அவர் வேறெங்கிருந்து கற்றார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708ஆம் ஆண்டில் அவர் ஓர் அட்டவணை எழுதினார். அதில் தமிழ்ப் புலவர்களின் நூல்களுக்குத் தனிப்பகுதி உண்டு. கத்தோலிக்கக் குருமார் தமிழில் எழுதிய நூல்களுக்கும் தனிப்பகுதி உண்டு. அந்நூல்களில் தாம் பிழையெனக் கருதியவற்றை நீக்கிவிட்டு, அவற்றின் சொற்களைத் தாம் பயன்படுத்திக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. கிறிஸ்தவக் கருத்துகளைச் சொல்லத் தமிழில் சொற்களைத் தேடித் தேடி முன்னரே அமைத்து வைத்தவர்கள், 16ஆம் நூற்றாண்டின் என்றிக்கே என்றிக்கசும் 17ஆம் நூற்றாண்டின் நொபிலியும் அவர்தம் தமிழ் மாணாக்கருமே. எந்தச் சபையை மறுக்க வந்தாரோ, அந்தச் சபையின் தமிழை வாங்கித்தான் சீகன்பால்கு பேசத் தொடங்கினார்.

அவர் கையில் வேறொரு வலிமையும் இருந்தது. அதுதான் அச்சு. தமிழ் எழுத்தை முதன்முதல் அச்சேற்றியவர்கள் கத்தோலிக்கர்களே. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. ஆனால் அந்தத் தொடக்கம் பின்னர்த் தளர்ந்து ஓய்ந்துபோயிற்று. தரங்கம்பாடியாரோ ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து எழுத்துகளை வரவழைத்தனர். அவை உருவில் பெரியனவாய் இருந்தமையால், இடத்தையும் தாளையும் மிச்சம் பிடிக்கச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. 1719ஆம் ஆண்டில் சீகன்பால்கு 37 வயதுகூட நிரம்பாமல் இறந்தார். எனினும் அவர் நிறுவிய அச்சகம் ஓயவில்லை. அங்கிருந்து புறப்பட்ட சிறு நூல்கள் டேனிஷ் எல்லையைக் கடந்து தஞ்சை நாட்டுச் சிற்றூர்களுக்குள் பரவின. அவ்வூர்களில் ஏற்கெனவே கத்தோலிக்கர் வாழ்ந்தனர்.

அந்நூல்கள் கத்தோலிக்கரைப் பார்த்து என்ன கேட்டன? ஐரோப்பாவில் கேட்ட அதே கேள்விகளைத்தான். சுரூபங்களை வணங்குவது ஏன்? புனிதர்களை நோக்கி மன்றாடுவது ஏன்? உத்தரிக்கும் தலம் வேதத்தில் எங்கே உள்ளது? போப்பாண்டவருக்கு இத்தனை அதிகாரம் கொடுத்தது யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, வேதப் புத்தகத்தை மக்கள் மொழியில் மக்கள் கையில் கொடுக்காதது ஏன்? இவற்றுள் கடைசிக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் தனி வலிமை இருந்தது. ஏனெனில் கேட்டவர்கள் கையில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் இருந்தது. திரிதெந்து நகரப் பொதுச்சங்கம் 1546ஆம் ஆண்டில் இலத்தீன் வேதாகமத்தையே அதிகாரபூர்வமானதாக அறிவித்தபின், நாட்டுமொழி வேதாகமத்தைப் பொதுமக்கள் படிப்பதில் கத்தோலிக்கச் சபை மிகுந்த எச்சரிக்கை காட்டிவந்தது. கத்தோலிக்கர் மொழிபெயர்த்த முழுமையான புதிய ஏற்பாடு தமிழில் அச்சாவதற்கு 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்தக் கேள்விகள் தாளோடு நின்றுவிடவில்லை. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான நூலைப் படித்து மனம் மாறி, 1720களின் இறுதியில் லுத்தரன் சபையைச் சார்ந்தார். பின்னர் அதன் உபதேசியாராகவும் பணிபுரிந்தார். பழைய சுற்றத்தாரின் கடும் எதிர்ப்பை அவர் தாங்க வேண்டியிருந்தது. ஒரு புத்தகம் ஒரு குடும்பத்தின் நடுவே கோடு கிழித்துவிட்டது. அப்படிப்பட்ட கோடுகள் பல ஊர்களிலும் விழத் தொடங்கியபோது, மறுமொழி கூற ஒருவர் எழுந்தார்.

அவர் யார் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். இத்தாலி நாட்டிலே 1680ஆம் ஆண்டில் பிறந்து, மதுரை மிஷனின் பணிக்காகத் தமிழ்நாடு வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே அவர். நாம் அவரைக் காவியப் புலவராக அறிவோம். அகராதி தொகுத்தவராக அறிவோம். பரமார்த்த குருவின் கதை சொல்லிச் சிரிக்க வைத்தவராக அறிவோம். வாதப்போரில் இறங்கிய வீரமாமுனிவரை நாம் அவ்வளவாக அறிவதில்லை. 1728ஆம் ஆண்டில் அவர் 'வேத விளக்கம்' என்னும் நூலை எழுதினார். லுத்தரன் தரப்பு எழுப்பிய கேள்விகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விடை கூறுவது அந்நூல். தரங்கம்பாடியார் 'திருச்சபை பேதகம்' என்ற நூலால் எதிர்த்தனர். முனிவர் 'பேதகம் மறுத்தல்' எழுதி அதை மறுத்தார். 'லுத்தேரினத்து இயல்பு' என்றும் ஒரு நூல் எழுதினார். பெயரைக் கேட்டவுடனேயே அதன் காரம் விளங்கும்.

இந்த வாதத்தில் இருதரப்பும் ஏந்திய கருவிகள் வேறு வேறு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒருபுறம் அச்சுப்பொறி, மறுபுறம் பனையோலை. முனிவர் எழுதியவை ஏட்டில் எழுதப்பெற்று, ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பெற்று, உபதேசியார்களின் கையில் ஊர் ஊராய்ச் சென்றன. அவை அச்சேறியது மிகவும் பிற்காலத்தில்தான்.

வாதத்தின் பொருள் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றேன். ஆனால் ஐரோப்பாவில் இல்லாத ஒரு புதிய பொருளும் இங்கே சேர்ந்துகொண்டது. அதுதான் தமிழ். தரங்கம்பாடியாரின் வேத மொழிபெயர்ப்பை முனிவர் பொருளால் மட்டும் தாக்கவில்லை, தமிழாலும் தாக்கினார். விலைமதிப்பற்ற மணியைச் சேற்றில் எறிந்ததுபோல வேதத்தை இழிதமிழில் தோய்த்துவிட்டார்கள், ஒரு வரி வாசித்தாலே கேட்பவர் நகைப்பர் என்னும் கருத்துப்பட எழுதினார். இது வெறும் புலமைச் செருக்கு என்று தள்ளிவிட முடியாது. தமிழறிந்தார் எள்ளி நகையாடும் நடையில் ஒரு சமயத்தின் மறைநூல் வருமானால், அச்சமயமே எள்ளப்படும் என்பது அவர் கவலை. தரங்கம்பாடியாரின் நோக்கமோ வேறு. மீனவரும் உழவரும் வேலையாட்களும் காதால் கேட்டுப் பொருள் உணர வேண்டும் என்பதே அவர்கள் விரும்பியது. புலவர்க்கு இனிக்கும் தமிழா, எளியோர்க்கு விளங்கும் தமிழா? இந்த வழக்கு இன்றளவும் நம்மிடையே தீர்ந்தபாடில்லை. சமயப்போர் என்று தொடங்கியது, தன்னையறியாமலே தமிழ்நடைப் போராகவும் ஆயிற்று.

பெயர்களின் வேறுபாட்டையும் இந்த ஒளியில் காண வேண்டும். யோவான் என்னும் எபிரேயப் பெயருக்குக் கடவுளின் அருள் என்பது பொருள், ஆகவே அருளப்பர். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் 'ராயி' என்றால் கல். ஆகவே இராயப்பர் என்பர். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள், ஆகவே சின்னப்பர். கத்தோலிக்கர் பெயரின் பொருளைத் தமிழாக்கினர். சீர்திருத்தச் சபையார் பெயரின் ஒலியைக் காத்தனர். ஒரு தரப்பு கேட்போரை நோக்கியது. மற்றது மூலத்தை நோக்கியது. இரண்டும் மொழிபெயர்ப்பாளரின் நேர்மையே. ஆனால் வாதம் முற்றிய சூழலில் இரண்டும் கொடிகளாக மாறிவிட்டன. அருளப்பர் என்றால் அந்தப் பக்கம். யோவான் என்றால் இந்தப் பக்கம். எந்தப் பெயரால் ஒருவர் கடவுளை அழைக்கிறாரோ, அதைக் கொண்டே அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடலாம் என்னும் நிலை வந்தது.

இந்த வாதத்தை அழகாகக் காட்டி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அதில் அறிவு இருந்தது, வசையும் இருந்தது. லுத்தரின் வாழ்க்கையை ஒரு தரப்பு இழித்துரைத்தது. போப்பாண்டவரை மறுதரப்பு இழித்துரைத்தது. இருவரும் ஒன்றுபட்ட இடமும் உண்டு. தம்மைச் சூழ வாழ்ந்த சைவரையும் வைணவரையும் அஞ்ஞானிகள் என்று சொல்வதில் அவர்களிடையே வேற்றுமை இருக்கவில்லை. ஆகவேதான் பின்னாளில், யாழ்ப்பாணத்தில் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று அவர்களுடைய முறைகளையெல்லாம் அருகிருந்து கண்ட ஆறுமுக நாவலர், அதே அச்சையும் அதே வாத உரைநடையையும் கையிலெடுத்து, 1854ஆம் ஆண்டில் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். கற்றுக்கொடுத்தவர் மீதே திரும்பிய வில்வித்தை அது. தமிழ் உரைநடை வாதத்துக்குரிய கூர்மை பெற்ற வரலாற்றில் இம்மூன்று தரப்புக்கும் பங்குண்டு.

இனி, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட செயலுக்கு வருகிறேன்.

வீரமாமுனிவர் தம் சபையின் குருமார் தமிழ் கற்பதற்காக இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். செந்தமிழுக்கு அன்று, மக்கள் அன்றாடம் பேசும் கொடுந்தமிழுக்கு இலக்கணம். சொல் எப்படித் திரிகிறது, வினை எப்படி முடிகிறது, கடையில் ஒருவன் எப்படிப் பேசுகிறான், வீட்டில் எப்படிப் பேசுகிறான் என்பதை அயல்நாட்டான் அறியும்படி ஒழுங்குபடுத்திய நூல். புலமைத் தமிழ் இல்லை என்று தரங்கம்பாடியாரை நகைத்த அதே கை, எளிய தமிழின் நுட்பங்களை இத்தனை பரிவோடு எழுதிவைத்திருந்தது.

அந்நூல் முதன்முதல் அச்சேறியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? கோவாவிலா? உரோமாபுரியிலா? அல்ல. 1738ஆம் ஆண்டில், தரங்கம்பாடியில், டேனிஷ் மிஷன் அச்சகத்தில். வேத விளக்கம் எழுதித் தம்மை வாட்டிய அதே பெஸ்கியின் பெயரைத் தாங்கிய இலக்கணத்தைத் தம் கையாலேயே எழுத்துக் கோத்து, தம் தாளிலேயே அச்சிட்டு வெளியிட்டார்கள் லுத்தரன் குருமார். முனிவர் அப்போது உயிரோடிருந்தார். அம்மட்டோ? மறு ஆண்டே, 1739இல், அவர்களுள் ஒருவரான வால்தர் என்பார், அந்த இலக்கணத்துக்கு இயைபாகத் தம் குறிப்புகளைத் தனி நூலாக எழுதி அதே அச்சகத்தில் வெளியிட்டார்.

இதனால் இருதரப்பும் சமாதானமாகிவிட்டன என்று நினைக்க வேண்டாம். சுரூபத்தைப் பற்றியும் போப்பாண்டவரைப் பற்றியும் அவர்கள் கொண்ட கருத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவர்கள் செய்தது வேறொன்று. இவருடைய சமயம் தவறு என்று நாம் நம்புகிறோம். ஆனால் இவருடைய இலக்கணம் சரி. இதைவிடச் சிறந்த இலக்கணம் நம்மிடம் இல்லை. ஆதலின் இதைப் படிக்க வேண்டும், பிறர் படிக்கச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எதிராளியின் பிழையைக் காண எவராலும் இயலும். எதிராளி சரியாகச் சொன்னதை, அவர் பெயரை மறைக்காமல், தம் பொருட்செலவில் உலகறியச் செய்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். கத்தோலிக்கரின் சுவடிகளிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டு அதை ஒளிக்காமல் எழுதிவைத்த சீகன்பால்குவின் வழிவந்தவர்கள் அல்லவா அவர்கள்?

அந்த இலக்கணத்தின் பயன் அத்தோடு முடியவில்லை. 1831ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதுவும் சீர்திருத்தத் தரப்பினரின் அச்சகமே. இன்று நாம் எகரத்துக்கு ஒற்றைக் கொம்பும் ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பும் இட்டுக் குறில் நெடில் வேறுபாடு தோன்ற எழுதுகிறோம். அந்தச் சீர்திருத்தம் முனிவருடையது என்பர். அதை இன்று கையாளாத சமயத்தார் எவர்? கப்பலூரில் என் அப்பத்தா வீட்டு வேதப் புத்தகத்திலும், அம்மாச்சி வீட்டுச் செபப் புத்தகத்திலும் இருந்தது அதே கொம்புதான்.

எங்கள் பகுதிக்கு அந்தப் போர் மீண்டும் ஒருமுறை வந்தது. 1773ஆம் ஆண்டில் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. அச்சபையினர் 1838ஆம் ஆண்டில் மதுரை நாட்டுக்குத் திரும்பி வந்தனர். அதற்கு நான்காண்டு முன்னரே, 1834இல், அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்திருந்தனர். அவர்களுடைய கல்விச்சாலை 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாறியது. கப்பலூர் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் உள்ளது. ஆகவே பழைய கேள்விகள் புதிய வாய்களில் அந்தச் சாலை வழியே நடந்துசென்றன என்று சொன்னால் மிகையாகாது. திண்ணையில் அமர்ந்து புளியங்கொட்டை நீக்கிய இரு மூதாட்டியர் அவற்றின் கடைசி விடைகளைத்தான் எனக்குச் சொன்னார்கள்.

காலம் பிறகு மாறியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், கத்தோலிக்கப் பூசை தமிழில் நடைபெறலாயிற்று. வேதப் புத்தகத்தைத் தாய்மொழியில் வாசிக்கும்படி அச்சபையே தன் மக்களை ஊக்கியது. லுத்தரன் தரப்பு எழுப்பிய பெருங்கேள்விகளுள் ஒன்றுக்கு 400 ஆண்டுகள் கழித்து வந்த விடை அது. 1995ஆம் ஆண்டில் இரு தரப்பு அறிஞர்களும் ஒன்றாக அமர்ந்து மொழிபெயர்த்த 'திருவிவிலியம்' வெளிவந்தது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், மீட்பு பற்றிய தலையாய வேறுபாட்டைக் குறித்துக் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சங்கத்தாரும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். லுத்தர் தம் கேள்விகளை எழுப்பிய அதே நாள் அது. வேறுபாடுகள் இன்னும் உள்ளன. ஆனால் வசை குறைந்தது.

இந்த அறிஞர்களெல்லாம் கூடியமர்வதற்கு முன்பே கப்பலூரில் ஒன்று நடந்தது. முதுமையில் அம்மாச்சிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்வாரே தவிர, எழுத்துத் தெரியாது. அப்பத்தா தம் தட்டுத்தடுமாறிய படிப்பைக் கொண்டு நாள்தோறும் மாலையில் எதிர்வீட்டுக்குச் சென்று, தம் வேதப் புத்தகத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவார். வேறு புத்தகம் வாசிக்க அவருக்குப் பழக்கமில்லை. நான் பக்கத்தில் அமர்ந்து, வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் விரலுக்கும் என் காதுக்கும் வேறுபாடு தோன்றியது. புத்தகத்தில் யோவான் என்று இருந்தது. அப்பத்தா அருளப்பர் என்று வாசித்தார். பேதுரு என்று இருந்த இடத்தில் இராயப்பர் என்றார். நான் திருத்தப் போனேன். அவர் என் கையை மெல்லத் தட்டிவிட்டு மேலே வாசித்தார்.

அப்பத்தா தம் சபையை விட்டு விலகவில்லை. மறுநாள் தம் வீட்டுச் செபத்தில் யோவான் என்றே சொன்னார். தரங்கம்பாடி அச்சகத்தார் எந்த எண்ணத்தோடு பெஸ்கியின் இலக்கணத்துக்கு எழுத்துக் கோத்தார்களோ, ஏறத்தாழ அந்த எண்ணத்தோடுதான் அவரும் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார் என்று நான் இன்று கருதுகிறேன். தம் நம்பிக்கையில் ஒருவர் உறுதியாக நிற்கலாம், வாதாடவும் செய்யலாம். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவரின் மொழியைக் கற்றிருக்க வேண்டும். வேண்டும்போது அதை அவர் காதுக்கு இனிக்கும்படி வாசித்துக் காட்டவும் அறிந்திருக்க வேண்டும். வாதம் செய்வோர் மிகுந்துவிட்ட இந்நாளில், நம்முள் எத்தனை பேர் எதிராளியின் இலக்கணத்தைப் படித்திருக்கிறோம்?